அட்டை, கட்டர், பசை: வாசகர் கேள்வி-பதில்

பள்ளிக் கண்காட்சியும் கொலுவும் அடுத்தடுத்து வருவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அட்டையில் மாடல் செய்வது பற்றியவைதான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போடவேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கே: அறிவியல் கண்காட்சிக்குப் பாம்பன் பாலத்தை முழுசாக அட்டையில் செய்யப்போகிறேன். எத்தனை அட்டைப்பெட்டி தேவைப்படும்? நடுவில் இருக்கும் தூக்குப் பாலம் மேலே போய் இறங்கவேண்டும், மோட்டார் இல்லாமல் முடியுமா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர், இராமநாதபுரம்)

ப: முழுசாக வேண்டாம் தம்பி. முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார். புதிய ரயில் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2.08 கிலோமீட்டர். நிஜத்தில் ஒரு மீட்டர், மாடலில் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் உன் பாலம் 20 மீட்டரைத் தாண்டும், வகுப்பறைச் சுவரை இடித்தால்தான் உள்ளே வைக்கலாம். சரி, சின்னதாக்கலாம் என்று பத்து மீட்டரை ஒரு சென்டிமீட்டராக எடுத்தால் மொத்தம் இரண்டு மீட்டருக்கு வந்துவிடும், பெஞ்சில் வைக்கலாம்தான், ஆனால் எல்லாரும் பார்க்க வருகிற அந்தத் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் என்பது ஏழேகால் சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும், அதில் நூல் கோப்பதற்கே லென்ஸ் வேண்டும். அதனால் எதை விடுவது என்று முதலில் முடிவு செய். தூக்குப் பகுதியும் அதன் இரண்டு கோபுரங்களும், பக்கத்துக்கு இரண்டு சாதாரணக் கண்களும் போதும். சாதாரணக் கண் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், அப்படி 99 இருக்கின்றன, இதை ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டிவிடு. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் தூக்குப் பகுதி 72.5 செ.மீ., அது 17 செ.மீ. மேலே ஏறவேண்டும், எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும்.

மோட்டார் தேவையே இல்லை. நிஜப் பாலத்தில் மோட்டார் உண்டு, ஆனால் அது அத்தனை டன் இரும்பையும் தன் பலத்தில் தூக்குவதில்லை, கோபுரத்துக்கு அந்தப் பக்கம் தொங்கும் எதிர் எடைகள்தான் பெரும்பாதி வேலையைச் செய்கின்றன. நீயும் அப்படியே செய். பாலத்தின் நான்கு மூலையிலும் நூல் கட்டி, கோபுர உச்சியில் உள்ள கப்பி வழியாக அந்தப் பக்கம் இறக்கி, நுனியில் காலித் தீப்பெட்டியைக் கட்டு. பெட்டிக்குள் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வா. ஒரு கட்டத்தில் பாலத்தை விரலால் லேசாகத் தொட்டாலே மேலே போகும், விட்ட இடத்தில் நிற்கும். அங்கே நிறுத்திக்கொள்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். நான்கு நூலும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் பாலம் ஒரு பக்கம் சாய்ந்து கோபுரத்தில் மாட்டிக்கொள்ளும், அதுவும் நடுவர் வரும் நேரம் பார்த்துத்தான் மாட்டும். இதற்கு ஒவ்வொரு கோபுரத்திலும் இரண்டு கப்பிகளையும் ஒரே சைக்கிள் ஆரக்கம்பியில் இறுக்கமாகக் கோத்துவிடு, ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆகவேண்டும். கப்பிக்குப் பாட்டில் மூடி இரண்டை முதுகோடு முதுகு ஒட்டினால் போதும். நூல் வழுக்காமல் இருக்கக் கப்பியில் ஒரு சுற்று சுற்றிவிடு. கோபுரத்தின் உள்பக்கம் அட்டைப் பட்டையால் ஒரு தடம் வைத்து அதற்குள் பாலத்தின் விளிம்பு வழுக்கும்படி செய், தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடு.

கையோடு பழைய பாலத்தையும் பக்கத்தில் சின்னதாக வைத்தால் நன்றாக இருக்கும். 1914-இல் திறந்தது, இரண்டு பாதியாகப் பிளந்து மேல்நோக்கி விரியும், அதை ஆட்கள் கையாலேயே இயக்கினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதியது திறந்தது. இரண்டும் வேறு வேறு விதமாக வழிவிடுகின்றன என்பதைக் காட்டினாலே கேள்வி கேட்பவர்கள் பத்து நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

கே: அட்டையின் மேல் கலர் சார்ட் ஒட்டினால் மறுநாள் காலையில் அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. ஃபெவிகால்தான் போடுகிறேன். என்ன தப்பு?
(இல்லத்தரசி, திருப்பூர்)

ப: ஃபெவிகால்மேல் தப்பில்லை, அதில் இருக்கும் தண்ணீர்தான். ஈரம் பட்டதும் காகிதம் விரியும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது தான் ஒட்டியிருக்கும் பக்கத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் மட்டும் காகிதம் ஒட்டியிருந்தால் வளையாமல் என்ன செய்யும்? பின்பக்கமும் அதே அளவு காகிதம், செய்தித்தாளாக இருந்தாலும் சரி, அதே நேரத்தில் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் எந்தப் பக்கமும் போகாது. பெயிண்டுக்கும் இதே விதி, முன்னால் அடித்தால் பின்னாலும் ஒரு கை அடிக்கவேண்டும். பசையை ஊற்றித் தேய்க்காமல் பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுத்துவிட்டு, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். அவசரத்துக்கு இரட்டைப் பக்க டேப் இருக்கிறது, தண்ணீரே இல்லை, ஆனால் வெயில் காலத்தில் ஓரம் கிளம்பிவிடும்.

கே: அட்டைப்பெட்டியை வெட்டினால் ஓரம் பிய்ந்து பிய்ந்து வருகிறது. மடித்தால் கோணலாக மடிகிறது.
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ப: கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கட்டர் வாங்குங்கள், கூடவே ஸ்டீல் ஸ்கேலும். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் சீவிவிடும், அப்புறம் அந்த ஸ்கேலில் நேர்கோடு வராது. ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். முதல் இழுப்பு மேல் காகிதத்துக்கு, அடுத்தது உள்ளே இருக்கும் நெளிக்கு, கடைசி அடிக் காகிதத்துக்கு. பிளேடு நுனி மழுங்கியதும் ஒரு துண்டு ஒடித்துவிடவேண்டும், பத்து ரூபாய் பிளேடுக்குக் கஞ்சத்தனம் பார்த்துத்தான் பலருடைய மாடல் நாய் கடித்த மாதிரி இருக்கிறது.

மடிப்பு கோணலாவதற்குக் காரணம் அட்டையின் போக்கு. வெட்டிய ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஒரு ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள் தெரியும், பக்கத்து ஓரத்தில் தெரியாது. ஓட்டைகள் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் அட்டை நெளியின் பள்ளத்தைத் தேடிக்கொண்டு தானாக மடியும், உங்கள் கோடு அந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் அது பள்ளத்துக்குத்தான் போகும். குறுக்கே மடிப்பதானால் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். தூண், கால், சுவர் என்று பாரம் தாங்கவேண்டிய எதற்கும் ஓட்டைகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டவேண்டும். படுக்கைவாட்டில் வெட்டிய தூண் இரண்டு நாளில் மண்டியிடும்.

கே: என் மகனுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் மாடல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். விமானத்தை எப்படி அடுக்கடுக்காகக் கொண்டுவருவது? நிழல் தரையில் விழாது என்பதையும் எழுதி வைக்கலாமா?
(வங்கி ஊழியர், விருத்தாசலம்)

ப: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், எழுதி வைக்காதீர்கள். நிழல் விழுகிறது, போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாடல் முடிந்ததும் ஒரு டார்ச்சை நேர் மேலே பிடித்து, மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். உச்சி வெளிச்சத்தில் மேல் அடுக்கின் நிழல் கீழ் அடுக்கின்மேலேயே விழும், சாயச் சாயத் தரைக்கு இறங்கும். கதையைவிட இது நல்ல கண்காட்சி.

இனி விமானம். 1010-இல் முடிந்த கோயில், உயரம் 216 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள், அதாவது சுமார் 66 மீட்டர். நூறில் ஒரு பங்காக எடுத்தால் 66 செ.மீ., சாப்பாட்டு மேஜைக்குச் சரியான அளவு. கீழே நேராக நிற்கும் சுவர் ஒரு 15 செ.மீ., அதன்மேல் 13 நிலைகள், ஒவ்வொன்றும் 3 செ.மீ. என்றால் 39, மிச்சம் 12 செ.மீ. எண்பட்டைச் சிகரத்துக்கும் கலசத்துக்கும். நிலைகள் குறுகிக்கொண்டே போகும் கணக்கு சுலபம்: முதல் நிலை 26 செ.மீ. சதுரம், பதின்மூன்றாவது 8 செ.மீ. என்று வைத்தால் வித்தியாசம் 18, நடுவில் 12 படிகள், ஆக ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றரை செ.மீ. குறையும். 26, 24.5, 23 என்று எழுதிக்கொண்டே போகலாம். இவை மாடலுக்காக நான் வைத்த வசதியான எண்கள். இன்னும் சரியாக வேண்டுமென்றால் தூரத்திலிருந்து நேராக எடுத்த படத்தை அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்து விகிதம் எடுங்கள். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்த படம் உதவாது, மேல்பகுதி இல்லாத அளவுக்குச் சிறுத்துத் தெரியும்.

ஒவ்வொரு நிலையையும் அடி இல்லாத பெட்டியாகச் செய்து கவிழ்த்து அடுக்கவேண்டும். மேல் தட்டு பக்கச் சுவரைவிட ஒரு நெல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கபோதம், அதுதான் கூரை விளிம்பு, நிழல்கோடாகத் தெரியும். பையன் சின்னவன் என்றால் சிற்பங்களைத் தொடவேண்டாம், நெளி அட்டையின் மேல் காகிதத்தை உரித்துப் பட்டை பட்டையாக ஒட்டினாலே தூரத்துக்கு வேலைப்பாடு மாதிரி இருக்கும். முடிந்தால் ஒரு பக்கத்தைத் திறந்துவிடுங்கள். அந்த விமானம் உள்ளே கூடாக இருக்கிறது, கல்லைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கிக்கொண்டே மேலே போயிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தை நிறையப் பேர் செய்வார்கள், உள்ளே காட்டுகிறவர் அபூர்வம்.

கே: தெர்மாகோலா, அட்டையா?
(ஓசூர் வாசகர்)

ப: அட்டை. தெர்மாகோல் வெட்டுவதற்குச் சுகம், ஆனால் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் கரையும், சூப்பர் குளூ பட்டால் குழி விழும், சூட்டுக் கம்பியால் வெட்டினால் வரும் புகை குழந்தைகள் மூச்சில் போகக்கூடாதது, வேலை முடிந்தபின் வீடு முழுக்க உருண்டை உருண்டையாகப் பறக்கும். மிதக்கவிடலாம் என்று ஒரு பயன் உண்டு, 2017-இல் வைகை அணையில் அதையும் முயன்று பார்த்தாயிற்று.

கே: கொலுவுக்குக் கிராமம் வைக்கிறேன். ஓட்டு வீடு அசலாகத் தெரிய என்ன வழி? கடையில் வாங்கிய வீடுகள் பொம்மைகளோடு சேரவே மாட்டேன் என்கின்றன.
(மாமி ஒருவர், ஸ்ரீரங்கம்)

ப: சேராததற்குக் காரணம் அளவு மாமி. செட்டியார் பொம்மை உட்கார்ந்தே ஐந்து அங்குலம் இருக்கும், வீட்டு வாசல் மூன்று அங்குலம் இருக்கும், அவர் எப்படி உள்ளே போவார்? பொம்மையை எழுப்பி நிறுத்தினால் எவ்வளவு உயரமோ அதைவிட ஒரு விரற்கடை அதிகமாக வாசல் வைத்து வீட்டைக் கட்டுங்கள். பெரிய பொம்மைகளும் குட்டி பொம்மைகளும் கலந்திருந்தால் பெரியவை முன்வரிசை, குட்டிகளும் குட்டி வீடுகளும் பின்வரிசை, கண்ணுக்குத் தூரமாகத் தெரியும்.

ஓட்டுக்கு அட்டைப்பெட்டியே போதும். கூரைக்கான துண்டை வெட்டி, ஒரு பக்கக் காகிதத்தின்மேல் ஈரத்துணியை ஒற்றி எடுங்கள், நனைக்கவேண்டாம், ஒற்றினால் போதும். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்பினால் காகிதம் தோலாக உரிந்து வரும், உள்ளே வரிவரியாக நெளி தெரியும். வரி கூரை உச்சியிலிருந்து தாழ்வாரத்தை நோக்கி ஓடவேண்டும். இதை அப்படியே வைத்தால் தகரக்கொட்டகை. நாட்டு ஓடு வேண்டுமென்றால் குறுக்கே இரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, கீழ்ப்பட்டையை முதலில் ஒட்டி, அதன்மேல் அரை செ.மீ. ஏறும்படி அடுத்ததை ஒட்டிக்கொண்டே மேலே போங்கள். காய்ந்ததும் காவி நிறம். ஒரே நிறமாக அடித்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அங்கங்கே கறுப்பும் பச்சையும் கலந்த தண்ணியான கலவையைத் தொட்டு விட்டு உடனே துணியால் துடைத்துவிடுங்கள், பள்ளத்தில் மட்டும் தங்கிப் பாசி பிடித்த ஓடாகும். சுவருக்கு ஃபெவிகாலில் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசினால் சுண்ணாம்புச் சுவர். தூணுக்கு உருட்டிய காகிதம், பந்தலுக்குத் துடைப்பக்குச்சி. வயலுக்கு எப்போதும் போல கடுகோ கேழ்வரகோ விதைத்துவிடுங்கள், அதற்கு ஈடு எந்தக் கடையிலும் கிடையாது, தட்டுக்குக் கீழே மட்டும் பாலிதீன் விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈரம் இறங்கி அட்டைத் தரை ஊறிப்போகும்.

கே: எங்கள் பள்ளியில் கைவினைக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கீடு இல்லை. அறுபது பிள்ளைகள். என்ன செய்யலாம்?
(அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்)

ப: டீச்சர், தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் போதும். அரவிந்த் குப்தா என்றொரு பொறியாளர், கான்பூர் ஐஐடியில் படித்தவர், குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பிரபலமாக்கிய வித்தை இது: வால்வ் டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் மருந்து சுரண்டிய தீக்குச்சியைச் செருகினால் மூட்டு கிடைத்துவிடும். முக்கோணம் செய்து அமுக்கச் சொல்லுங்கள், அசையாது. சதுரம் செய்து அமுக்கச் சொல்லுங்கள், சாய்ந்துவிடும். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்தால் நின்றுவிடும். ரயில் பாலத்தில் ஏன் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன என்று அதற்குப் பிறகு நீங்கள் விளக்கவேண்டியதே இல்லை. அட்டைக்கு மளிகைக்கடைகளில் சொல்லி வைத்தால் சும்மாவே தருவார்கள். பசைக்கு ஒரு டம்ளர் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, நான்கைந்து டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டினால் வகுப்புக்கே வரும். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள், பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அது கூடவே கூடாது, விஷம். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள்.

கே: அட்டையெல்லாம் ஒரு பொருளா? ஒரு மழைக்குத் தாங்குமா?
(ஓய்வுபெற்ற மேஸ்திரி, காரைக்குடி)

ப: ஐயா, நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரத்துப் பெரிய தேவாலயம் 2011 நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ஷிகெரு பான் என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் பெரிய பெரிய அட்டைக் குழாய்களை வைத்து ஒரு தற்காலிகத் தேவாலயம் கட்டிக்கொடுத்தார். 2013-இல் திறந்தார்கள், பல நூறு பேர் உட்காரலாம். மரமும் இரும்பும் சேர்ந்திருக்கின்றன, மேலே மழை படாமல் கூரையும் உண்டு, அதனால் முழுக்க அட்டை என்று சொல்லமாட்டேன். நனையாமல் பார்த்துக்கொண்டால் அட்டை நாம் நினைப்பதைவிட உழைக்கும், குழாயாகச் சுருட்டினால் இன்னும். ஒரு ஏ4 தாளைச் சுருட்டி நிறுத்தி அதன்மேல் எத்தனை புத்தகம் ஏற்றலாம் என்று பேரப்பிள்ளைகளோடு பந்தயம் கட்டிப் பாருங்கள்.

கே: காகிதக் கூழில் பொம்மை செய்தால் வெடிக்கிறது, பூச்சியும் அரிக்கிறது.
(மன்னார்குடி வாசகி)

ப: தண்ணீரைப் பிழியாமல் செய்தால் வெடிக்கும். ஊறிய காகிதத்தை அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, பிறகுதான் பசை சேர்க்கவேண்டும். கனமாக ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்தபின் அடுத்தது, அதுவும் நிழலில். பூச்சிக்கு நம் பாட்டிகள் செய்ததுதான், முறம் மெழுகும்போது காகிதத்தோடு வெந்தயத்தையும் ஊறவைத்து ஆட்டுவார்களே, அது பிடிப்பும் கொடுக்கும், கசப்பும் கொடுக்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளிலும் காகிதக் கூழ் உண்டு. சாய்த்தாலும் எழுந்து நிற்கும் வகையை வீட்டிலேயே முயலலாம்: அடிப்பாகத்தை அரை உருண்டையாகச் செய்து அதற்குள் களிமண்ணை நிரப்பி, மேல்பாகத்தை முடிந்த அளவு வெறும் கூடாக விட்டுவிடுங்கள். படுத்தே கிடந்தால் தலை கனமாகிவிட்டது என்று அர்த்தம், கூழைச் சுரண்டுங்கள்.

கே: கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கிறார்கள். நேரமே இல்லை சார், வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?
(தந்தை ஒருவர், சென்னை)

ப: வாங்கலாம், மார்க்கும் வரும். எனக்குக் கோபம் உங்கள்மேல் இல்லை, வியாழக்கிழமை சாயங்காலம் சொல்லி வெள்ளிக்கிழமை காலையில் எரிமலை கேட்கும் பள்ளிகள்மேல். ஆனால் பிள்ளை கோணலாக வெட்டிய வீட்டை ராத்திரி அது தூங்கியபின் பிரித்து நீங்கள் நேராக ஒட்டுகிறீர்களே, அதற்கு ரெடிமேட் எவ்வளவோ தேவலை.

கே: செய்த மாடல்களை வைக்க இடமில்லை. தூக்கிப்போடவும் மனசில்லை.
(மதுரை வாசகி)

ப: நான்கு பக்கமும் மேலிருந்தும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் மறுபடி செய்ய அளவு இருக்கும். அப்புறம் கப்பி, ஆரக்கம்பி, எல்ஈடி, பேட்டரி டப்பா எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றிரண்டை வைத்துக்கொள்வதானால் தரையிலும் பரணிலும் வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பாலிதீனால் மூடி, காலணியோ கைப்பையோ வாங்கும்போது கூட வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டைப் போட்டு அலமாரியில் வையுங்கள். மீதி அட்டையை டேப்பும் தெர்மாகோலும் நீக்கிக் கொடுத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.